ஒன்றும் போடாத மூன்று பாத்திகள்

காரைக்காலில் இருக்கும் எங்கள் மண் ஆய்வுக்கூடத்துக்குப் புதிதாக ஒரு கருவி வந்திருக்கிறது. குடைக்கம்பி நீளம் இருக்கும். வயலில் குத்தினால், மண்ணில் எவ்வளவு உப்பு இருக்கிறது என்று கைபேசியில் எண் வந்து நிற்கிறது. ஓய்வு பெற்றுவிட்ட என்னையும் கூப்பிட்டுக் காட்டினார்கள்.

"உங்க காலத்துல இதுக்கு எத்தன நாளு ஆவும்க்கா?" என்று ஒரு பெண் கேட்டாள்.

ஐந்து நாள் என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்த ஐந்து நாளில் மூன்று நாள் மண் காய்வதற்கே போய்விடும். அதில் நான் பெருமைப்பட்டுக்கொள்ள ஒன்றுமில்லை. இந்தக் கருவி அன்றைக்கே இருந்திருந்தால் என் முதுகு இன்றைக்கு இன்னும் கொஞ்சம் நேராக இருந்திருக்கும்.

"எண்ணு சரியா வந்து, ஆனா அது தப்பா இருந்தா எப்படிக்கா கண்டுபிடிப்பீங்க?" என்று அவளே அடுத்த கேள்வியைக் கேட்டாள். அதற்கு ஒரு வார்த்தையில் பதில் சொல்ல முடியவில்லை. தேநீர் ஆறும்வரை அஞ்சலையக்காவின் கதையைச் சொன்னேன். ஆண்டு மலருக்கு எழுதித் தாருங்கள் என்றார்கள். எழுதுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் பட்டினச்சேரி. அப்பாவும் அண்ணனும் கடலுக்குப் போனவர்கள். அம்மா செல்லம்மா, மீன்கூடையோடு மேற்கே வயல்காட்டு ஊர்களுக்கு நடந்துபோய் விற்றவர். பள்ளியில் வேதியியல் எனக்கு நன்றாக வந்தது. ஆய்வுக்கூட உதவியாளர் பயிற்சிக்குப் போனேன். கல்யாணம் ஆகிக் கோவில்பத்துக்கு வந்து, அங்கிருந்து தினமும் சைக்கிளில் வேலைக்குப் போனேன். முதல் ஒன்றரை வருஷம் கண்ணாடிப் பாத்திரம் கழுவினேன். அதைப் பற்றிச் சொல்ல அவ்வளவுதான் இருக்கிறது.

என் மேலதிகாரி தெரேஸ் மேடம். மண்ணியல் விஞ்ஞானி. அவருடைய அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் 'சொல்தா'. நகராட்சி அலுவலகத்தை அந்தப் பெரியவர் கடைசிவரை பிரெஞ்சில் 'மேரி' என்றுதான் சொன்னார். மேடத்தின் தம்பிகள் எல்லாம் பிரான்சில் குடியேறிவிட்டார்கள். இவர் மட்டும் போகவில்லை. ஏன் என்று ஒருமுறை துணிந்து கேட்டேன்.

"அங்க மண்ணு ஏற்கெனவே நல்லாத்தான் இருக்கு வசந்தா" என்றார்.

மேடம் குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. நான் எழுதிய எண்ணைப் பார்ப்பார், "மறுபடி" என்பார். அந்த ஒரு வார்த்தைதான். மறுபடி அளந்து கொண்டுபோனால் இன்னொரு "மறுபடி". மூன்று தடவையும் ஒரே எண் வந்தால் ஓரத்தில் பென்சிலால் சின்னதாக ஒரு டிக் போடுவார். அதுதான் பாராட்டு. குறிப்பேட்டில் எண்ணைத் தப்பாக எழுதிவிட்டால் அழிக்கக் கூடாது. குறுக்கே ஒரே ஒரு கோடு போட்டு, பக்கத்தில் சரியான எண்ணை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அடித்த எண் கீழே படிக்கிற மாதிரி இருக்க வேண்டும் என்பது அவர் கட்டளை.

மண் எடுப்பதிலும் அப்படித்தான். வயலில் வளைந்து வளைந்து நடந்து பத்துப் பதினைந்து இடத்தில் எடுக்க வேண்டும். மேலே கிடக்கும் சருகை விலக்கிவிட்டு, மண்வெட்டியால் அரையடி ஆழத்துக்குக் குழி வெட்டி, குழியின் பக்கச் சுவரை மேலிருந்து கீழாகச் சீவி எடுக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து, வட்டமாகப் பரப்பி, நாலு கூறாகப் பிரித்து, எதிரெதிர்க் கூறு இரண்டைத் தள்ள வேண்டும். மீதியை மறுபடி கலந்து மறுபடி நாலு கூறு. அரைக் கிலோ வரும்வரை இப்படி. பிறகு துணிப்பை, உள்ளே ஒரு சீட்டு, வெளியே ஒரு சீட்டு.

இந்த வேலையில் ஒருநாள் திருநள்ளாற்றில் மாட்டிக்கொண்டேன். அன்று சனிக்கிழமை. சனீஸ்வரன் கோயிலுக்குப் பக்கத்து வயலில் நான் மண்ணைக் கூறு போட்டுக்கொண்டிருந்தபோது, வெளியூர்க்காரர் ஒருவர் வரப்பில் நின்று பார்த்தார். "இது தோஷத்துக்குங்களா?" என்று கேட்டார். ஆராய்ச்சிக்கு என்றேன். அவர் நம்பவில்லை. கால்மணி நேரத்தில் எட்டுப் பேர் கையேந்தி வரிசையில் நின்றார்கள். இரண்டு கூறைத் தள்ள வேண்டும் அல்லவா, அந்த மண்ணைத்தான் ஆளுக்கு ஒரு பிடி கொடுத்து அனுப்பினேன். மேடத்திடம் வந்து சொன்னேன்.

"எந்தக் கூற குடுத்த?"

"தள்ள வேண்டியதத்தான் மேடம்."

"அப்ப சரி" என்றார். அவர் கவலை அதுதான்.

பிறகு சுனாமி வந்தது. அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. அப்பாவும் அம்மாவும் அண்ணன் குடும்பமும் என் வீட்டுக்கு வந்திருந்தார்கள், அதனால் இருக்கிறார்கள். எங்கள் தெருவில் இல்லாமல் போனவர்களைப் பற்றி இங்கே எழுத மாட்டேன். அது மலரில் எழுதுகிற விஷயம் இல்லை.

அண்ணனின் படகு ஊருக்கு மேற்கே கோவிந்தராசு என்பவரின் வயலில், பயிருக்கு நடுவில் போய்க் கிடந்தது. எடுத்துப்போக ஆளும் வண்டியும் கிடைக்கும்வரை அது அங்கேயே கிடந்தது. கோவிந்தராசு ஒருநாளும் முகம் சுளிக்கவில்லை. அவர் மனைவிதான் அஞ்சலையக்கா. அம்மாவிடம் வருஷக்கணக்காக மீன் வாங்கியவர்.

கடல் தண்ணீர் நின்ற வயல்கள் வெயில் ஏற ஏற வெளுத்தன. மண்ணைக் காயவிட்டால் பாளம் பாளமாக வெடித்தது. தண்ணீர் விட்டால் களிம்பு மாதிரி மூடிக்கொண்டது. இனிமேல் நெல் வருமா, எதைப் போட்டால் வரும் என்று ஊரே கேட்டது. அதற்குப் பதில் தேடும் ஆராய்ச்சி எங்களிடம் வந்தது. அந்தத் திட்டத்தில் நான் தற்காலிக உதவியாளர். திட்டம் முடிந்தால் வேலையும் முடிந்துவிடும் என்ற நிலைமை.

கோவிந்தராசு தன் வயலைக் கொடுத்தார். மேடம் அதில் பன்னிரண்டு பாத்தி கட்டச் சொன்னார். மூன்று வரிசை, வரிசைக்கு நாலு. ஒரு பாத்தியில், மண்ணில் ஒட்டிக்கொண்ட சோடியத்தை விலக்கும் என்று சொல்லப்படும் ஜிப்சம் போடுவது. ஒன்றில் தக்கைப்பூண்டு விதைத்து வளர்ந்ததும் மடக்கி உழுவது. ஒன்றில் இரண்டும். நாலாவதில் ஒன்றும் போடாமல் விடுவது. எல்லாப் பாத்திக்கும் ஒரே அளவு தண்ணீர் கட்டி, வடித்து, மறுபடி கட்டி, வடிக்க வேண்டும். கடைசியில் ஒன்றும் போடாத பாத்தியோடு ஒப்பிட்டால்தான் மற்றவை என்ன செய்தன என்று தெரியும். தண்ணீர் மட்டுமே உப்பைக் கழுவிவிடுமா, ஜிப்சமும் வேண்டுமா என்பதற்கான பதிலைத்தான் ஊரும் அரசாங்கமும் எதிர்பார்த்துக்கொண்டிருந்தன.

ஜிப்சம் போட்ட அன்று தராசில் நிறுத்துப் பாத்தி பாத்தியாகப் பிரித்துக் கொடுத்தது நான். ஒரு மூட்டை மிஞ்சியது. "அத திருப்பி எடுத்துட்டு வந்துடு" என்று மேடம் காலையிலேயே சொல்லியிருந்தார். சாயங்காலம் ஆகிவிட்டது, கை வலித்தது. மோட்டார் கொட்டகையில் ஒரு மூலையில் வைத்துவிட்டு, நாளைக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று ஜீப்பில் ஏறிவிட்டேன். அந்த நாளைக்கு வரவே இல்லை.

தண்ணீர் கட்டி வடித்தது எல்லாம் முடிந்து, நடவுக்கு முன்னால் மண் எடுத்தோம். முதலில் உப்பும் சோடியமும் பார்த்தோம். சோடியம் பார்க்கும் கருவியில் ஒரு சின்ன எரிவாயுச் சுடர் இருக்கும். சோடியம் அதிகம் என்றால் நீலச் சுடர் நல்ல மஞ்சளாக மாறும். அன்றைக்குச் சுடர் மஞ்சளாகவே மாற மறுத்தது. எனக்கு ஒரே சந்தோஷம். ஜிப்சம் போட்ட பாத்திகளில் சோடியம் இறங்கியிருந்தது. ஒன்றும் போடாத மூன்று பாத்திகளிலும் அதே அளவுக்கு இறங்கியிருந்தது.

தலைமை அலுவலக அதிகாரிக்கு இந்தச் செய்தி தொலைபேசியில் போனது. அவர் குரல் பக்கத்து அறைவரை கேட்டது. "அப்ப தண்ணியே போதும்னு ஆகுது! லாரி வேண்டாம், மூட்டை வேண்டாம். ரொம்ப நல்ல சேதிம்மா. திங்கக்கெழம கூட்டத்துல சொல்லிடலாம்."

"கால்சியம் இன்னும் பாக்கல சார்" என்றார் மேடம்.

கால்சியம் பார்க்க வேண்டியது நான். மண்ணில் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, தோசைமாவுப் பதத்துக்குக் குழைத்து வைத்து, மறுநாள் அதிலிருந்து நீரை உறிஞ்சி எடுக்க வேண்டும். அந்த நீரில் சாயம் போட்டு, மேலே இருக்கும் அளவுக்குழாயிலிருந்து சொட்டுச் சொட்டாக மருந்து விட வேண்டும். நாவல்பழச் சிவப்பு ஒரே சொட்டில் நீலமாகும். அந்தச் சொட்டோடு நிறுத்த வேண்டும். இது கால்சியம், மெக்னீசியம் இரண்டையும் சேர்த்துச் சொல்லும். வேறொரு சாயத்தில் செய்தால் கால்சியம் மட்டும் தெரியும். கழித்துக்கொண்டால் மெக்னீசியம்.

கடல் தண்ணீரில் கால்சியத்தைவிட மெக்னீசியம் மிக அதிகம். அதனால் கடல் ஏறின மண்ணிலும் மெக்னீசியம்தான் மேலே நிற்கும். ஜிப்சம் என்பது கால்சியம். அதைப் போட்ட இடத்தில் மட்டும் கணக்கு தலைகீழாகும். ஜிப்சம் போட்ட பாத்திகளில் அப்படித்தான் இருந்தது. ஒன்றும் போடாத முதல் பாத்தியைப் பார்த்தேன். அதிலும் கால்சியம்தான் மேலே நின்றது.

மறுபடி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மறுபடியும் அதே எண். பாத்திரங்களைப் புதிதாகக் கழுவி, மருந்தைப் புதிதாகக் கலந்து பார்த்தேன். அதே எண். பைகளின் உள்சீட்டையும் வெளிச்சீட்டையும் சரிபார்த்தேன். மாறவில்லை. இரண்டாவது பாத்தி, மூன்றாவது பாத்தி, எல்லாம் அப்படியே. தண்ணீர் உப்பைக் கொண்டுபோகும், சரி. கால்சியத்தை எங்கிருந்து கொண்டுவரும்?

அப்போதுதான் மோட்டார் கொட்டகையில் விட்டுவந்த மூட்டை ஞாபகம் வந்தது.

மத்தியானம் அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். கொட்டகை மூலையில் மூட்டை இல்லை. வெளியே கொடியில், அலசிப் பிழிந்த ஜிப்சம் சாக்கு ஒன்று காய்ந்துகொண்டிருந்தது. அஞ்சலையக்கா என்னைப் பார்த்ததும் வெயிலில் வந்திருக்கிறாயே என்று மோர் கொண்டுவந்து கொடுத்தார்.

"அக்கா, இங்க ஒரு மூட்ட வச்சிருந்தேனே?"

"அதா? போட்டுட்டேனே!" என்றார் முகமெல்லாம் சிரிப்பாக.

"எதுலக்கா போட்டீங்க?"

"நீங்க விட்டுட்டுப் போன பாத்தியிலதான். நானும் தெனம் பாக்குறேன். நாலு புள்ளையில மூணு புள்ளைக்கு சோத்த போட்டுட்டு ஒண்ண மட்டும் பாத்துட்டு நில்லுன்னா எப்படிம்மா? மறந்துட்டாங்க போலருக்குன்னு நெனச்சேன். மூணு பாத்திக்கும் சமமாத்தான் போட்டேன். ஓரவஞ்சன கூடாதுல்ல."

எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. வரப்பில் உட்கார்ந்து விளக்கிச் சொன்னேன்.

"அக்கா, ரெண்டு சட்டியில மீன் கொழம்பு வைக்கிறீங்க. புதுசா ஒரு மசாலா வந்திருக்கு, நல்லாருக்கான்னு பாக்கணும். ரெண்டு சட்டியிலயும் போட்டுட்டா எப்படித் தெரியும்?"

"வாயில வச்சா தெரியும்!"

"தெரியும்க்கா. ஆனா மசாலா போடாத சட்டி இதுதான்னு நெனச்சுகிட்டு ஒருத்தர் சாப்பிடுறாரு. நல்லாருக்கே, அப்ப மசாலாவே வேணாமேங்கறாரு. ஊருக்கு வாங்க இருந்த மசாலாவ நிறுத்திப்புடுறாரு."

அஞ்சலையக்காவின் சிரிப்பு மெதுவாக இறங்கியது. "அப்படின்னா... நம்ம ஊருக்கு ஜிப்சம் வராதா?"

"திங்கக்கெழம அப்படித்தான் முடிவு பண்ணப் போறாங்க."

"நான் வந்து சொல்றேன். எந்த ஆபீசுன்னு சொல்லு. நான் போட்டேன், நானே சொல்றேன்."

"வேணாம்க்கா. மூட்டைய விட்டுட்டுப் போனது நான். நான்தான் சொல்லணும்."

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தும் எனக்கு ஒன்றும் கண்ணில் படவில்லை. சொன்னால் ஒரு பருவத்து ஆராய்ச்சி வீண் என்று ஆகும். மேடத்துக்கு அவப்பெயர். தற்காலிக வேலையில் இருக்கிற எனக்கு அதோடு முடிந்தது. சொல்லாவிட்டால் யாருக்கும் எதுவும் தெரியாது. தண்ணீரே போதும் என்பது எல்லோரும் கேட்க ஆசைப்படுகிற செய்தி. கால்சியம் எண்ணை மட்டும் மாற்றி எழுதினால் போதும். அந்த நினைப்பு எனக்கு வந்தது. வரவில்லை என்று எழுதினால் பொய்.

ஆனால் அண்ணன் படகு கிடந்த வயல் அது. அக்கம்பக்கத்து வயல்காரர்கள் எல்லாம் அம்மாவிடம் மீன் வாங்கியவர்கள். தண்ணீர் போதும் என்று நம்பி நட்டு, பயிர் கருகினால் அவர்கள் முகத்தை நான் எப்படிப் பார்ப்பது? பஸ் காரைக்காலுக்குள் நுழைந்தபோது முடிவு செய்துவிட்டேன்.

மேடம் அறிக்கை எழுதிக்கொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். பேனாவை மூடிக் கீழே வைத்தார்.

"எத்தன கிலோ போட்டாங்க?"

"முழு மூட்டையும் மேடம்."

"மூணுக்கும் சமமாவா?"

"ஓரவஞ்சன கூடாதுன்னு சமமாத்தான் போட்டாங்களாம்."

மேடம் கண்ணாடியைக் கழற்றினார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்துப் பதறிப்போனேன். சிரித்துக்கொண்டிருந்தார். "நம்ம ஆளுங்களவிட ஒழுங்காப் போட்டிருக்காங்க வசந்தா. மூணு பாத்தியும் ஒரே மாதிரி வந்துச்சே, அப்பவே எனக்கு உறுத்துச்சு." கண்ணைத் துடைத்துக் கண்ணாடியைத் திரும்பப் போட்டதும் முகம் மாறிவிட்டது.

"மூட்டைய ஏன் விட்டுட்டு வந்த?"

"ஜீப்புல எடம் இல்லாம..."

"எடம் இருந்துச்சு."

"இருந்துச்சு மேடம்."

"அத எழுது."

குறிப்பேட்டைத் திருப்பி என் பக்கம் தள்ளினார். 'ஒன்றும் போடாதது' என்று இருந்த மூன்று இடத்திலும் ஒரு கோடு போட்டேன். நடந்ததைப் பக்கத்தில் எழுதினேன். மூட்டையை விட்டுவந்தது நான், இடம் இருந்தும் சோம்பலால் விட்டுவந்தேன் என்றும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மேடம் வாசித்துப் பார்த்துத் தன் கையெழுத்தையும் கீழே போட்டார்.

திங்கட்கிழமைக் கூட்டத்தில் நான் கடைசி நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். மேடம் அந்தப் பக்கத்தையே படித்துக் காட்டினார். அஞ்சலையக்காவின் பெயரைச் சொல்லவில்லை. என் பெயரையும் சொல்லவில்லை. 'எங்கள் தரப்புக் கவனக்குறைவு' என்றார். அதிகாரியின் முகம் தொங்கிப்போனது.

"இத நீங்க சொல்லாட்டி யாருக்கும் தெரிஞ்சிருக்காதேம்மா" என்றார், கோபத்தைவிட வருத்தமாக.

"அடுத்த வருஷம் நெல்லுக்குத் தெரிஞ்சிருக்கும் சார்" என்றார் மேடம்.

பத்து நாள் அவகாசம் கேட்டார். கிடைத்தது. அந்தப் பத்து நாளும் நாங்கள் வயல்காட்டிலேயே கிடந்தோம். அதே வாய்க்காலில் தண்ணீர் கட்டி வடித்த, வேறு ஒன்றும் போடாத பக்கத்து வயல்களில் எல்லாம் மண் எடுத்தோம். அஞ்சலையக்கா கூடவே வந்து, யார் என்ன போட்டார்கள், யார் போடவில்லை என்று ஒவ்வொரு வயலுக்கும் சாட்சி சொன்னார். "இவரு சாம்பல் போட்டாரு, விட்டுடுங்க. இவரு ஒண்ணும் போடல, போடவும் மாட்டாரு, சோம்பேறி" என்று வயல்காரரை வைத்துக்கொண்டே சொன்னார். இரண்டு பேர் அவரோடு பேச்சை நிறுத்திக்கொண்டார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

எண்கள் வந்தன. கடலோரத்து மணற்பாங்கான மேட்டு வயல்களில் தண்ணீரே போதுமானதாக இருந்தது. பள்ளமான களிமண் வயல்களில் உப்பு குறைந்திருந்தது. சோடியம் மட்டும் பிடிவாதமாக உட்கார்ந்திருந்தது. சுடர் மஞ்சளாகவே எரிந்தது. மேட்டுக்குத் தண்ணீர், பள்ளத்துக்கு ஜிப்சம் என்று மேடம் எழுதினார். அடுத்த பருவத்துக்கு முன்னால் பள்ளத்து வயல்காரர்களுக்கு ஜிப்சம் வந்து இறங்கியது.

என் வேலை போகவில்லை. திட்டம் முடிந்ததும் என்னை நிரந்தரம் செய்தார்கள். மேடம் கொடுத்த பரிந்துரைக் கடிதத்தை என் கோப்பில் பல வருஷம் கழித்துத்தான் பார்த்தேன். 'தன் தவறைத் தானே கண்டுபிடித்துத் தன் கையால் எழுதிக் கொடுத்தவர்' என்று ஒரே ஒரு வரி.

கோவிந்தராசுவின் வயலில் சும்மா கிடந்த ஒரு துண்டில் புதிதாக மூன்று பாத்தி கட்டி, அவற்றை ஒன்றும் போடாமல் விட்டு நட்டோம். காவலுக்கு மேடம் அஞ்சலையக்காவையே போட்டார். அவரும் ஆட்டுப் புழுக்கைகூட விழவிடாமல் காத்தார். மற்றப் பாத்திகளில் பயிர் இடுப்புயரம் நின்றபோது, அந்த மூன்றிலும் நுனி பழுத்து, முழங்காலோடு நின்றுவிட்டது. அதைத் தாண்டிப் போகும்போது அவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். வயல் விழா அன்று ஒரு பெரியவர், "இத ஏம்மா இப்படிக் கருக விட்டிருக்கீங்க?" என்று கேட்டார்.

"அது வாடுனாத்தாங்க இது எதனால தேறிச்சின்னு தெரியும்" என்றார் அஞ்சலையக்கா. மேடம் என்னைப் பார்த்தார்.

தை பிறந்து அறுவடை. ஒவ்வொரு பாத்தியாகத் தனித்தனியே அறுத்து, தனித்தனியே அடித்து, நிறுத்து எழுதினோம். கடைசிப் பாத்தியின் எண்ணை எழுதி மேடம் டிக் போடும்வரை அஞ்சலையக்கா பக்கத்திலேயே நின்றார்.

"முடிஞ்சிருச்சுங்களா?"

"முடிஞ்சிருச்சு."

"அப்ப இப்ப போடலாங்களா?"

மேடம் பேனாவைச் செருகிக்கொண்டு, புடவையைத் தூக்கிச் செருகினார். வரப்பில் தயாராக இருந்த மூட்டையைப் பிரித்து முதல் கை ஜிப்சத்தை அவரே ஒன்றும் போடாத பாத்தியில் வீசினார். பிறகு நாங்கள் மூன்று பேரும் கால்வாசி மூட்டையைத் தலையிலும் புடவையிலும் கொட்டிக்கொண்டு, மீதியை மூன்று பாத்திக்கும் போட்டு முடித்தோம்.

அடுத்த பருவத்தில் மண் எடுக்கப் போனேன். வயல் முழுக்க ஒரே உயரத்தில் பயிர் நின்றது. ஒன்றும் போடாமல் விட்ட அந்த மூன்று பாத்திகள் எவை என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியவில்லை. வரப்பில் நின்று, பையிலிருந்து வரைபடத்தை எடுத்துப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.